பத்து நிமிஷத்தில் வருகிறவர்

எங்கள் கட்டடத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. 'பத்து நிமிஷம்' என்றுதான் சொல்வார்கள். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால், உள்ளே இருப்பவர் சிவப்புப் பொத்தானை அழுத்துவார். அது அவருடைய கைபேசிக்குப் போகும். கதவுக்குப் பக்கத்திலுள்ள துளையிட்ட ஸ்பீக்கர் தகட்டிலிருந்து அவர் குரல் வரும். "பயப்படாதீங்க. ரெண்டாவது தெருவுலதான் இருக்கேன். பத்து நிமிஷம்." அவர் இரண்டாவது தெருவில் இருந்ததும் கிடையாது, பத்து நிமிஷத்தில் வந்து சேர்ந்ததும் கிடையாது. ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டால் நம்பத்தான் தோன்றும்.

நான் பல் மருத்துவர். தரைத்தளத்தில் என் கிளினிக், ஐந்தாவது மாடியில் என் வீடு. "வலிக்காது, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்று ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்லிப் பிழைப்பவள். அதனால் அடுத்தவர் பொய்யைப் பற்றி நீட்டி முழக்க எனக்கு அருகதை இல்லை. இருந்தாலும் சொல்கிறேன். ஒரு நாள் ஒரு பட அரங்கத்தில் அவரோடு சேர்ந்து நானும் அல்லவா மாட்டிக்கொண்டேன்.

அவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர். இடுப்பில் ஒரு பெரிய சாவிக்கொத்து. அவர் வருவதற்கு முன்னால் அதன் சத்தம் வந்துவிடும். பதினோரு கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் பொறுப்பு. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. மின்சாரம் போய் நின்றால்தான் உண்டே தவிர, அவர் கை வைத்த லிஃப்ட் தானாகப் பழுதாகி நின்றது அபூர்வம். ஆனால் அவர் லிஃப்டில் ஏறி நான் பார்த்ததில்லை. ஏழு மாடியென்றாலும் படிதான். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "ஹோட்டல் சமையல்காரன் அந்த ஹோட்டல்ல சாப்பிடுவானா, டாக்டரம்மா?" என்றார். அன்றிலிருந்து எனக்கும் கொஞ்ச நாள் படிதான்.

சாதுவான மனிதர். கோபம் வருவது ஒரே விஷயத்தில்தான். லிஃப்ட் கதவு மூடப்போகும்போது குறுக்கே நின்றுகொண்டு வெளியே இருப்பவரோடு கதை பேசுகிறார்களே, அவர்களைக் கண்டால் ஆகாது. 'கதவில் நிற்காதீர்கள். உள்ளே வாருங்கள் அல்லது வெளியே போங்கள்' என்று தன் கையால் எழுதிப் பதினோரு கட்டடத்திலும் ஒட்டியிருந்தார். கதவின் விளிம்பு ஒவ்வொரு முறை ஆள்மேல் இடித்துத் திறக்கும்போதும் அதன் மோட்டார் தேய்கிறதாம். அதைச் சொல்லும்போது அவர் பல்லைக் கடிப்பார். கடைவாய்ப் பற்கள் தேய்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நான் மாட்டினேன். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில், நாற்பத்தோரு நிமிடம். முதல் ஐந்து நிமிடம் தைரியசாலியாக இருந்தேன். பிறகு மூச்சு முட்டத் தொடங்கியது. கதவைக் கையால் அடித்தேன், கத்தினேன். தகட்டிலிருந்து அவர் குரல் ஆற அமரக் கேட்டது.

"சாப்பிட்டீங்களா, டாக்டரம்மா?"

"சாப்பாடா முக்கியம் இப்போ? கதவைத் திறங்க முதல்ல."

"வந்துட்டே இருக்கேன். காலையில கிளம்பவே நேரமாயிடுச்சு. எங்க வீட்ல படுத்த படுக்கை. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. எட்டு வருஷமாச்சு. ஊட்டிவிட்டு, தலை வாரிவிட்டு, ஜன்னல் பக்கமாத் திருப்பிப் படுக்க வச்சுட்டுத்தான் வருவேன். வெளிச்சம் முகத்துல படணும் அவளுக்கு."

எனக்கு மூச்சு முட்டுவது மறந்துபோனது. படுக்கைப்புண் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறார் என்று விசாரித்தேன். இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் போடச் சொன்னேன். பல் துலக்கிவிடும் விதம் சொல்லிக்கொடுத்தேன். கதவு திறந்தபோது நான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன், எனக்காக அல்ல. மறுவாரம் என் மாமியார் பயன்படுத்திய சக்கர நாற்காலியை எண்ணெய் போட்டுத் துடைத்து அவரிடம் கொடுத்தேன். அவர் வேண்டாம் வேண்டாம் என்றார். என்ன ரோஷமான மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழாவது மாடியில் ஒரு பெண் குடியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுப்பவள், மிச்ச நேரத்தில் படம் எடுப்பவள். நடிகர் இல்லை, பாட்டு இல்லை, கதையும் இல்லை என்று அவளே பெருமையாகச் சொல்லுவாள். நான் மாட்டியதற்குச் சில மாதம் முன்பே, குடியிருப்போர் சங்கத்தில் அனுமதி வாங்கி, லிஃப்டின் கூரைத் தகட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கேமராவையும் ஒரு மைக்கையும் வைத்தாள். 'இங்கே படப்பிடிப்பு நடக்கிறது' என்று ஒரு தாள் ஒட்டினாள். தண்ணீர்த் தொட்டி கழுவும் அறிவிப்புக்கும் குப்பை அறிவிப்புக்கும் நடுவில் அது இருந்தது. அந்த வரிசையில் எதையும் எவரும் படித்ததில்லை. கூரைத் தகட்டைக் கழற்றிக் கொடுத்ததே நம் லிஃப்ட்காரர்தான். எடை எவ்வளவு என்பதைத் தவிர அவர் எதுவும் கேட்கவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் அது ஓடியது. மாட்டிக்கொண்டவர்களின் நேரத்தை மட்டும் வெட்டி எடுத்துப் படமாக்கினாள். ஒவ்வொருவரையும் தேடிப்போய்ச் சம்மதக் கையெழுத்து வாங்கினாள். நானும் படிக்காமல் போட்டேன். லிஃப்ட்காரரிடம், "உங்க குரல்தான் படத்துல ஹீரோ" என்றாளாம். அவரும் போட்டார். 'பயப்படாதீங்க' என்பதை மட்டும் எடுப்பாள் என்று அவர் நினைத்தார். நல்ல மனது உள்ளவர்கள் செய்கிற தப்பு இது.

படத்தின் பெயர் 'இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்'. சின்னப் படங்களுக்கென்றே நடக்கும் ஒரு விழாவில் அதைப் போட்டார்கள். ஊரின் மறுகோடியில் ஒரு நூலகம். அதில் தரைக்கு இரண்டு தளம் கீழே ஒரு சிறிய அரங்கம். புதன்கிழமை காலை பதினோரு மணி. எங்கள் கட்டடத்தில் ஒருவரும் வருவதாக இல்லை. "தினமும் பாக்கற லிஃப்டை பஸ் ஏறிப் போய் வேற பாக்கணுமா?" என்றார் சங்கச் செயலாளர். எனக்குப் புதன்கிழமை விடுமுறை. என் முகம் திரையில் எப்படி இருக்கும் என்ற ஆசையும், சொல்ல வெட்கமாக இருந்தாலும், இருந்தது.

அரங்க வாசலில் அவரைப் பார்த்து முதலில் அடையாளம் தெரியவில்லை. சாவிக்கொத்து இல்லை. இஸ்திரி போட்ட சட்டை. பக்கத்தில் ஐம்பது வயதில் ஒரு பெண்மணி, நல்ல நிறத்தில் புடவை, கையில் ஒரு பை. என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"டாக்டரம்மா, நீங்க எப்படி இங்க?"

"படத்துல நானும் இருக்கேனே. இவங்க?"

அவர் திருதிருவென விழித்தார். "சொந்தக்காரங்க" என்றார்.

அந்த அம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, "ஆமா, சொந்தம்தான்" என்றாள்.

"வீட்ல அவங்களை இப்போ யார் பாத்துக்கறாங்க?" என்று நான் கேட்டு முடிப்பதற்குள், "மணி ஆயிடுச்சு, மணி ஆயிடுச்சு" என்று அவர் எங்கள் இருவரையும் உள்ளே விரட்டினார்.

அறுபது பிளாஸ்டிக் நாற்காலிகள். வழவழப்பான தரையில் நகராமலிருக்க ஒவ்வொரு வரிசையையும் கால்களில் நைலான் கயிறு போட்டுப் பிணைத்திருந்தார்கள். மூன்றாவது வரிசை. சுவரை ஒட்டி அவர், அடுத்து அந்த அம்மாள், அடுத்து நான், எனக்கு அப்பால் ஒன்பது பேர். யாராவது அசைந்தால் மொத்த வரிசையும் அசைந்தது.

படக்காரப் பெண் முன்னால் வந்து மைக்கைப் பிடித்தாள்.

"இப்போ கதவைச் சாத்தப் போறோம். ஒரு மணி பதினாலு நிமிஷம் யாரும் வெளியே போகக் கூடாது. நிஜமாவே உடம்பு முடியலைன்னா கையைத் தூக்குங்க, திறந்து விடுவாங்க. மத்தவங்க இருந்து பாருங்க. படத்துல இருக்கறவங்களும் இருந்தாங்க."

சிலர் கைதட்டினார்கள். இரண்டு கதவையும் சாத்தி, கதவுக்கொரு பையன் காவல் நின்றான். விளக்கு அணைந்தது. ஏசி எங்கோ சொட்டிக்கொண்டிருந்தது.

முதல் நான்கு நிமிடம் திரையில் காலி லிஃப்ட். மேலேயிருந்து பார்க்கும் பார்வை, கறுப்பு வெள்ளை. ஓரத்தில் கடிகார எண் ஓடியது. எனக்குப் பக்கத்திலிருந்தவர் "படம் ஆரம்பிச்சிடுச்சா, இல்ல இதுவும் மாட்டிக்கிச்சா?" என்று கேட்டார். பிறகு ஒரு இளைஞன் பெரிய பூத்தொட்டியோடு ஏறினான். லிஃப்ட் நின்றது. தகட்டிலிருந்து குரல் வந்தது. "பயப்படாதீங்க. ரெண்டாவது தெருவுலதான் இருக்கேன். பத்து நிமிஷம்."

லிஃப்ட்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் குரல் அரங்கம் முழுக்கக் கேட்டது அவருக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். வெட்டி வெட்டிக் காட்டியதில், அவன் மாட்டி முப்பத்தேழு நிமிடம் ஆனதாக ஓரத்துக் கடிகாரம் காட்டியபோது, இளைஞன் செடியிடம் பேசத் தொடங்கியிருந்தான். குரல் நான்காவது தடவை 'பத்து நிமிஷம்' என்றது. அரங்கம் வெடித்துச் சிரித்தது. அவரும் அசட்டுச் சிரிப்பு சிரித்தார்.

அடுத்து ஒரு கல்லூரிப் பெண். விம்மி விம்மி அழுதாள். குரல் சொன்னது: "எனக்கும் உன் வயசுல ஒரு பொண்ணு இருந்திருக்கலாம்மா. எங்க வீட்ல படுத்த படுக்கை. பதினோரு வருஷமாச்சு."

எங்கள் வரிசை நாற்காலிகள் ஒரு குலுங்கு குலுங்கின. அவர் எழப்போய் மறுபடி உட்கார்ந்தது கயிறு வழியாக எனக்குத் தெரிந்தது. அவர் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் இருந்தவளை. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினோரு வருஷம் என்கிறாரே, என்னிடம் எட்டு என்றாரே என்று நான் கணக்குப் போடுவதற்குள் ஒரு குண்டு மனிதர் ஏறினார். அவரிடம் ஐந்து வருஷம், மாடிப்படியில் வழுக்கி விழுந்ததால். அதற்கடுத்தவரிடம் எட்டு வருஷம், காய்ச்சலால். ஒவ்வொரு தடவையும் குரல் "எங்க வீட்ல" என்று ஆரம்பித்ததுமே கூட்டம் சிரித்தது. அவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. பக்கத்தில் அந்த அம்மாள், அதற்கப்பால் நான், அதற்கப்பால் ஒன்பது பேர், அதற்கப்பால் சாத்திய கதவு.

அதற்குள் திரையில் நானே வந்துவிட்டேன். கிளினிக் வெள்ளைக் கோட்டோடு லிஃப்ட் தரையில் உட்கார்ந்து, "ரெண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் போடுங்க" என்று மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னேன். எனக்கு முன்வரிசையில் ஒருவர் சிரித்துச் சிரித்து இருமினார். எனக்கு உச்சந்தலை கொதித்தது. என் காதில் பூச்சுற்றியதோடு அதை ஊருக்குப் படமும் போட்டுக் காட்டியாயிற்று. குனிந்து, அந்த அம்மாளைத் தாண்டி அவரிடம் கிசுகிசுத்தேன்.

"என் நாற்காலி எங்கே?"

"மெஷின் ரூம்ல பத்திரமா இருக்கு, டாக்டரம்மா. சாப்பிடறப்ப அதுல உக்காருவேன்."

"அப்போ உங்க பொண்டாட்டி?"

அவர் சட்டைப் பைக்குள் டெஸ்டரைத் தேடினார். நடுவில் இருந்தவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"உங்க பக்கத்துலதான் உக்காந்திருக்கேன், டாக்டரம்மா."

என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. பின்னால் ஒரு நாள் என் கிளினிக்கில் அவர் அதை விளக்கினார். "மாட்டினவங்க தன்னை நினைச்சாத்தான் மூச்சு முட்டும். அடுத்தவங்களை நினைக்க வச்சுட்டா மூச்சு தானா வரும். வேற யாரைச் சொல்ல? எனக்கு அவளை விட்டா யாரு?" அதில் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் அன்றைக்கு, அந்த இருட்டில், நியாயம் பேச அவருக்கு வழியில்லை. ஒரே ஒரு வழிதான் இருந்தது. மெல்லக் கையைத் தூக்க ஆரம்பித்தார். உடம்பு முடியவில்லை என்று இன்னொரு பொய் சொல்லி அவளை வெளியே இழுத்துக்கொண்டு போய்விடலாம், மிச்சத்தை அவள் கேட்காமலாவது இருப்பாள் என்று எண்ணியிருக்கிறார். கை காதளவு வந்தபோது அவள் அதைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"பயப்படாதீங்க" என்றாள். "பத்து நிமிஷம்."

கையை விடவில்லை. திரையில் லிஃப்ட் கதவு திறந்தது. அவள் உள்ளே வந்தாள்.

கையில் சாப்பாட்டு அடுக்கு. மாடி உச்சியிலுள்ள மெஷின் ரூமுக்குப் போக ஏழாம் எண்ணை அழுத்திவிட்டுச் சுவரில் சாய்ந்து ஒரு முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். லிஃப்ட் நின்றது. விளக்கு மங்கியது. அவள் பதறவில்லை. சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு, சொல்ல வாயைத் திறந்தாள்.

குரல் முந்திக்கொண்டது. "அம்மா, பயப்படாதீங்க. ரெண்டாவது தெருவுலதான் இருக்கேன். பத்து நிமிஷம்." குரலுக்குப் பின்னால் பஸ் இரைச்சல் கேட்டது.

திறந்த வாய் அப்படியே நின்றது. பிறகு மூடிக்கொண்டது. அவள் தகட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரிங்க" என்றாள். குரலை மாற்றவெல்லாம் இல்லை. அந்தத் தகட்டின் கரகரப்பில் எல்லாக் குரலும் ஒன்றுதான்.

"தனியாவா இருக்கீங்க?"

"ஆமாங்க. தனியாத்தான்."

"நிக்காதீங்கம்மா. கால் வலிக்கும். உக்காந்துக்கோங்க."

அவள் உடனே உட்கார்ந்தாள். சொன்ன பேச்சைக் கேட்கும் குழந்தை போல. கொஞ்ச நேரத்தில் குரல் 'எங்க வீட்ல' என்று தொடங்கியது. கூட்டத்தில் யாரோ சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். அவள் மேலே பார்த்திருந்தாள், நேராக எங்களை.

"ஆறு வருஷமா?" என்று கேட்டாள். "பாவம். என்ன சாப்பிடுவாங்க?"

"குழைய வேகவச்சுக் கொடுப்பேம்மா. ஆறவச்சுத்தான் ஊட்டணும். நாக்கு சுட்டுக்கும்."

"தலை யார் வாருவாங்க?"

"நான்தான்."

அவள் கை தன் தலைக்குப் போனது. "சிக்கெடுக்கத் தெரியுமா உங்களுக்கு?"

"நுனியிலேருந்து எடுக்கணும்மா. அப்பதான் வலிக்காது."

அவள் தலையாட்டினாள். அடுக்கைத் திறந்தாள். மூடியைத் தட்டாக வைத்துக்கொண்டு, அவருக்குக் கொண்டுவந்த சாப்பாட்டை ஆற அமரச் சாப்பிடத் தொடங்கினாள். சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். சாயங்காலம் போனால் அவளோடு என்ன பேசுவீர்கள் என்றாள். எல்லாம் பேசுவேன், எந்த லிஃப்டில் எந்தக் கயிறு மாற்றினேன், யார் மாட்டினார்கள், யார் திட்டினார்கள், ஒன்று விடாமல் சொல்வேன், அவள் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவாள் என்றார் அவர். பஸ் மாறி ஏறுகிற சத்தம் கேட்டது. ஏறியும் அவர் பேசினார். அரங்கத்தில் யாரும் இப்போது சிரிக்கவில்லை.

"அவங்களுக்கு உங்களைப் பிடிக்குமா?"

கடிகார எண் ஓடியது. நான் எண்ணினேன், பதினெட்டு நொடி.

"பிடிக்கும்னுதான் நினைக்கறேன். கேட்டதில்லைம்மா."

அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். அதே நேரத்தில் விளக்குப் பிரகாசமானது, லிஃப்ட் நகர்ந்தது. அவள் அவசர அவசரமாக அடுக்கை மூடி, சுவரைப் பிடித்து, இரண்டு தடவை முயன்று எழுந்தாள். கதவு திறந்தது. ஒரு கணம் தகட்டைத் தொட்டுவிட்டு வெளியே போனாள். கதவு மூடியது.

"அம்மா?" என்றது குரல், காலி லிஃப்டில். "கரண்ட் வந்துடுச்சா? அம்மா, இருக்கீங்களா?" பஸ் இரைச்சல். "இருக்கீங்களா?"

படம் அங்கே முடிந்தது.

விளக்குப் போடும்வரை ஒரு நிமிடம் இருட்டு. அந்த இருட்டில் அவர் கேட்டது எனக்குக் கேட்டது.

"அன்னைக்கு கேஸ் தீந்துடுச்சு, சமைக்கலைன்னியே."

"ம்" என்றாள்.

கைதட்டல் நெடுநேரம் ஓயவில்லை. படக்காரப் பெண் அவரை மேடைக்குக் கூப்பிட்டாள். வரிசை முழுக்க எழுந்து வழிவிட வேண்டியிருந்தது. பேயறைந்தவர் மாதிரி போய் நின்றார். நாற்காலியில் இருக்கும் பெண்மணிதான் திரையில் வந்தவள் என்று சிலருக்குத் தெரிந்திருக்கும். அவள் இவருடைய மனைவி என்பது படக்காரப் பெண்ணுக்கே தெரியாது. பின்வரிசையிலிருந்து ஒரு வயதானவர் எழுந்தார். சிரிப்பதற்காகக் கேட்கிற முகம் இல்லை அது, நிஜமான அக்கறை.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு. உங்க மனைவி இப்போ எப்படி இருக்காங்க?"

மைக் அவர் கையில் இருந்தது. பூசி மெழுக அவருக்குத் தெரியாதா? 'பரவாயில்லைங்க' என்று ஒரு வார்த்தை போதும். அவர் மூன்றாவது வரிசையைப் பார்த்தார்.

"தெரியலைங்க" என்றார். "கேக்கணும்."

மைக்கைப் படக்காரப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். ஆனால் இறங்கவிட்டால்தானே. ஆளாளுக்குச் சூழ்ந்துகொண்டு கையைக் குலுக்கினார்கள்.

"வாங்க டாக்டரம்மா, நாம போலாம்" என்றாள் அந்த அம்மாள். படிக்கட்டுப் பக்கம் திரும்பினேன். "லிஃப்டுல போலாமே. ரெண்டு மாடி ஏற முடியாது என்னால. எங்க வீடு மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. காலையில இறங்கினதே போதும்."

லிஃப்ட் வருவதாக இல்லை. காத்திருந்தபோது கேட்டேன், "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, நான்தான்னு."

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அம்மான்னு கூப்பிட்டாரா, கால் வலிக்கும் உக்காருங்கன்னாரா..." பையை மறு தோளுக்கு மாற்றினாள். "வீட்ல வந்தா சாவியை மாட்டுவார், சாப்பிடுவார், படுத்துடுவார். கெட்டவர் இல்லை. பேச ஒண்ணும் இருக்காது, அவ்வளவுதான். அந்த அரை மணி நேரத்துல பேசின மாதிரி கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்துல என்கிட்ட அவர் பேசினதில்லை."

லிஃப்ட் வந்தது. ஏறினோம். பழைய லிஃப்ட், முனகிக்கொண்டு மெல்ல மேலே போனது.

"அந்தப் படக்காரப் பொண்ணு உங்களை எப்படிக் கண்டுபிடிச்சா?"

அவள் சிரித்தாள். வெட்கப்பட்ட சிரிப்பு.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க. அதுக்கப்புறம் அவர் ஊரோட மறுகோடியில வேலையா இருக்கற நாளாப் பாத்து உங்க கட்டடத்துக்கு வருவேன். ஏறுவேன், இறங்குவேன். ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை. மறுபடியும் நின்னுடாதான்னு. அப்படி ஒரு நாள் ஏறி இறங்கறப்பதான் அந்தப் பொண்ணு அடையாளம் கண்டுபிடிச்சா." கதவின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள். "நிக்கவே இல்லை, டாக்டரம்மா. ஒரு தடவை கூட. அவ்வளவு நல்லா வச்சிருக்கார்."

ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த தரைத்தளப் பொத்தானை நான் மறுபடி அழுத்தினேன். எறும்பு கடித்த மாதிரி இருக்கும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

தரைத்தளம் வந்து கதவு திறந்தது. நேர் எதிரே அவர் நின்றிருந்தார். இரண்டு மாடியும் ஓடி ஏறியிருக்கிறார். மூச்சு வாங்கியது, சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. அவளுடைய முகத்தை விட்டுவிட்டு முழங்காலைப் பார்த்தார்.

"எப்பலேருந்து வலிக்குது?"

"ரெண்டு வருஷமா" என்றாள்.

அவர் ஒரு அடி முன்னால் வந்தார். உள்ளே வரத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். ஆனால் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக அங்கேயே நின்றுவிட்டார். கதவு மூட வந்து அவர் தோளில் இடித்துத் திறந்தது. மறுபடி மூட வந்தது, மறுபடி இடித்தது. மூன்றாவது தடவை லிஃப்ட் அலறத் தொடங்கியது. அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. அவரைத் தாண்டிப் போக வழியில்லாமல் நான் அவர்கள் இருவருக்கும் பின்னால், லிஃப்டின் மூலையில், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.